தொடர்புப் பக்கத்தில் எந்த மின்னஞ்சலைப் போடுவது?

இணையதளம் கட்டிக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தயக்கம் பழக்கமானதுதான். தளம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். படங்கள், எழுத்துரு, மெனு எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் 'தொடர்புக்கு' என்ற பக்கத்துக்கு வந்ததும் தளத்தின் சொந்தக்காரர் யோசிக்க ஆரம்பிப்பார். "மெயில் ஐடியை வெளிப்படையாகப் போட்டால் ஸ்பேம் வந்து குவியுமே, போடாமலே விட்டுவிடலாமா?" என்பார். இன்னொருவர் "படமாகப் போட்டுவிடுங்கள்" என்பார். வேறொருவர் "ஒரு ஃபார்ம் இருந்தால் போதாதா?" என்பார்.

அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும், எழுத நினைக்கும் ஆளைத்தான் விரட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் பிறருடைய தளங்களைப் பராமரித்து வருகிற எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. முகவரியைப் போடுங்கள். எல்லோரும் படிக்கும்படி, தொட்டால் மெயில் எழுதும் பெட்டி திறக்கும்படி போடுங்கள். ஆனால் உங்களால் இழக்க முடியாத முகவரியைப் போடாதீர்கள். நாளைக்கே தூக்கியெறிந்தாலும் உங்கள் வாழ்க்கையில் ஒன்றும் குலையாத ஒரு முகவரியைப் போடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, முகவரிகள் எப்படித் திருடுபோகின்றன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முகவரி பொறுக்குவது இணையப் பக்கங்களைவிடப் பழைய தொழில். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் வேலையில் இருந்த கேரி தூர்க், தங்கள் புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கு வரச் சொல்லி இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். அவருக்கு அத்தனை முகவரிகளும் கிடைத்தது அர்பாநெட் பயனர்களின் அச்சிட்ட டைரக்டரியில். அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று அச்சிட்ட பட்டியல் அது. யாரும் எழுதலாம் என்று திறந்து வைத்ததை, யாரும் கேட்காததை அனுப்பப் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்று வரை பிரச்சினை இதே வடிவத்தில்தான் இருக்கிறது. டைரக்டரியைப் புரட்டிய கைக்குப் பதிலாக ஒரு நிரல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நிரல் எவ்வளவு வேகமானது என்று 2002-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் சோதித்துப் பார்த்தது. 250 புதிய முகவரிகளை உண்டாக்கி இணையத்தில் 175 இடங்களில் போட்டு வைத்தார்கள். இணையப் பக்கங்களில் போட்ட முகவரிகளில் 86 சதவீதத்துக்கு ஸ்பேம் வந்தது. அரட்டை அறையில் போட்ட ஒரு முகவரிக்கு முதல் ஸ்பேம் வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜி என்ற அமைப்பு, இதே மாதிரி ஆறு மாதம் நடத்திய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. வந்த ஸ்பேமில் 97 சதவீதத்துக்கு மேல், பொதுத் தளங்களில் அப்படியே கிடந்த முகவரிகளுக்குத்தான் வந்திருந்தது. அந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. பக்கத்திலிருந்து முகவரியை எடுத்த பிறகு ஸ்பேம் வரத்து குறைந்தது. @ குறியை 'அட்' என்று எழுத்தில் எழுதியோ எண் குறியீட்டில் மறைத்தோ வைத்த முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை.

பொறுக்க வரும் நிரலை நேரில் பார்க்க வேண்டுமானால் யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் ஆக்ஸஸ் லாகைத் திறந்தால் போதும். மனிதர் ஒருவர் தளத்துக்கு வந்தால் லாகில் அதற்கு ஒரு நடை இருக்கும். முதலில் பக்கம், உடனே அதற்கு வேண்டிய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் கோப்பு), எழுத்துரு, படங்கள், தாவலில் தெரியும் குட்டி ஐகான். அப்புறம் ஓர் இடைவெளி, ஏனென்றால் அவர் படித்துக்கொண்டிருக்கிறார். பிறகு அடுத்த பக்கம். பொறுக்கும் 'பாட்' (bot, தானாக இயங்கும் நிரல்) விடும் தடம் வேறு மாதிரி. படம் கேட்காது, சிஎஸ்எஸ் கேட்காது. 'தொடர்புக்கு', 'எங்களைப் பற்றி', 'எங்கள் குழு' ஆகிய மூன்றையும் ஒரே நொடிக்குள் கேட்டிருக்கும். அதோடு நிற்காமல், தளத்தில் இல்லவே இல்லாத பக்கங்களையும் கேட்கும். 'கான்டாக்ட்', 'கான்டாக்ட்-அஸ்', ஜெர்மன் தளங்களில் இருக்கும் 'கோன்டாக்ட்', 'இம்ப்ரெஸும்' (தள உரிமையாளர் விவரம் இருக்கும் பக்கம்) என்று தன் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரையும் வரிசையாகத் தட்டிப் பார்த்து, வரிசையாக 'அப்படிப் பக்கம் இல்லை' என்ற 404 வாங்கியிருக்கும். தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளும் இடத்தில், பழைய பதிப்பு பிரவுசர் ஒன்றின் பெயரைக் கொடுத்திருக்கும். பாட்களுக்கென்று தளத்தில் வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் 'இந்தப் பக்கத்துக்கு வராதே' என்று எழுதி வைத்தால், நல்ல தேடுபொறிகள் மட்டும் ஒதுங்கிப் போகும். மற்றவை அதைப் பொருட்படுத்தாது; சில, அதைப் படித்துவிட்டு நேராக அந்தப் பக்கத்துக்கே வரும்.

வந்து எதைத் தேடுகிறது? பெரும்பாலும் ஒரே ஒரு வரி ரெஜெக்ஸ்தான், அதாவது எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் விதி. நடுவில் @, இடப்பக்கம் இடைவெளி இல்லாமல் சில எழுத்துகள், வலப்பக்கமும் அப்படியே, அதில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின் குறைந்தது இரண்டு எழுத்து. பொருந்தினால் எடுத்துக்கொள்ளும். தொட்டால் மெயில் எழுதும் பெட்டியைத் திறக்கும் மெயில்-டூ இணைப்பு இருந்தால் தேடவே வேண்டாம். இதில் அறிவு எதுவும் இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களில் மலிவாக ஓட்ட முடிவதுதான் இதன் பலம்.

அந்த மலிவில்தான் நமக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2008-ல் வெளியான ஒரு சோதனையில், ஒரே பக்கத்தில் ஒன்பது விதமாக எழுதிய முகவரிகளை ஒன்றரை வருடம் விட்டுவைத்திருந்தார்கள். அப்படியே எழுதிய முகவரிக்கு 21 மெகாபைட் ஸ்பேம் வந்தது. சிஎஸ்எஸ் கொண்டு திருப்பிப் போட்டது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைச் செருகியது, பிரவுசருக்குள் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் வைத்து எழுத்துகளை மாற்றிப் போட்டது ஆகிய மூன்றுக்கும் ஒன்றுமே வரவில்லை. இந்த மறைப்புகளை உடைப்பது கஷ்டம் என்பதல்ல காரணம். நிரல் எழுதத் தெரிந்த யாரும் ஒரு பொழுதில் உடைத்துவிடலாம். உடைக்க யாருக்கும் அவசியம் இல்லை, ஏனென்றால் பக்கத்துத் தளத்தில் மறைக்காத முகவரி கிடைக்கிறது. ஸ்பேம் அனுப்புபவருக்கு உங்கள் மேல் தனிப்பட்ட அக்கறை எதுவும் கிடையாது.

சரி, அப்படியானால் எந்த மறைப்பு பலமானது என்று பார்த்து அதைப் போட்டுவிடலாமா? இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். பொறுக்கும் நிரலுக்கு எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் அளந்து பார்க்கிறார்கள். எழுத வரும் மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை யாரும் அளப்பதில்லை.

பார்வையில்லாத தோழி ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்து ஒரு தளத்தில் மின்னஞ்சல் முகவரி தேடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கைகள் விசைப்பலகையில் வேகமாகப் போகும். பேச்சும் எனக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். 'தலைப்பு, தொடர்புக்கு' என்றது. அடுத்து ஒரு வாக்கியம்: 'எங்களுக்கு எழுத'. அதற்கடுத்து 'கிராஃபிக்' என்று ஒரே சொல். அடுத்தது பக்கத்தின் அடியில் இருக்கும் காப்புரிமை வரி. அவர் அம்புக்குறியை அழுத்தி மேலே போய், மறுபடி கீழே வந்தார். மறுபடியும் 'கிராஃபிக்'. "இங்கே முகவரி இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். இருந்தது. அழகான எழுத்துருவில், நல்ல நீல நிறத்தில், ஒரு படமாக இருந்தது. படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிக்கும் மாற்று உரை கொடுக்கவில்லை; கொடுத்தால் பாட் படித்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இன்னொரு தளத்தில் சிஎஸ்எஸ் வித்தை. முகவரியைப் பின்னிருந்து முன்னாக மூல நிரலில் எழுதிவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் திசையைத் திருப்புவார்கள். கண்ணால் பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியும். ஸ்கிரீன் ரீடரோ மூலத்தில் இருக்கும் வரிசையிலேயே படித்தது. 'காம்' என்று முடிய வேண்டியது 'மாக்' என்று ஆரம்பித்தது. தோழிக்கு உடனே புரிந்துவிட்டது. "திருப்பிப் போட்டிருக்காங்க" என்றார். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு, கடைசியிலிருந்து தட்டச்சு செய்தார். அவருக்கு இது முதல் தடவை இல்லை என்பது கை போன விதத்திலேயே தெரிந்தது. ஒன்றரை வருடம் ஒரு ஸ்பேமும் வராத முறைகளில் இதுவும் ஒன்று. பார்வை உள்ளவர்களுக்கும் இது வசதி இல்லை. நகலெடுத்து ஒட்டினால் தலைகீழாகத்தான் வரும்.

அதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். தேர்வு செய்யும் மறைப்பு, வாசகரிடமிருந்து ஒரு சொடுக்கோ ஒரு நொடியோ கூடுதலாகக் கேட்கக் கூடாது. இந்த விதியை வைத்தால் பாதி வித்தைகள் தாமாகவே விழுந்துவிடும். படம் போய்விடும். திருப்பி எழுதுவது போய்விடும். 'இதில் உள்ள தேவையற்ற சொல்லை நீக்கிவிட்டு அனுப்பவும்' என்ற வகையறா போய்விடும். அடைப்புக்குறியில் 'அட்', 'டாட்' என்று எழுதுவதும் என் பார்வையில் போய்விட வேண்டியதுதான், ஏனென்றால் அதைத் தொட்டால் எதுவும் திறக்காது. கைபேசியில் நகலெடுத்து, இரண்டு இடத்தில் அழித்து, @ தேடி, புள்ளி வைத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாதாரண மொழியைப் புரிந்துகொள்ளும் மொழி மாதிரிகள் வந்த பிறகு, அந்த 'அட்', 'டாட்' ஒரு மறைப்பே கிடையாது.

அப்புறம் என்ன மிஞ்சுகிறது? இரண்டு மிஞ்சுகின்றன. ஒன்று எண் குறியீடு. @ என்று எழுதும் இடத்தில் @ என்று எழுதுவது, மற்ற எழுத்துகளையும் அவற்றின் எண்ணால் எழுதுவது. பிரவுசர் அதைச் சாதாரண முகவரியாகவே காட்டும். தொடலாம், நகலெடுக்கலாம், ஸ்கிரீன் ரீடர் ஒழுங்காகப் படிக்கும். ஹெச்டிஎம்எல்லை முறைப்படி படிக்கத் தெரிந்த எந்த நிரலும் இதை அவிழ்த்துவிடும். வெறும் உரையில் ரெஜெக்ஸ் ஓட்டும் சோம்பேறி நிரல் மட்டும் ஏமாறும். 2008 சோதனையிலும் @ குறியையும் புள்ளியையும் மட்டும் இப்படி மாற்றிய முகவரிக்கு ஸ்பேம் வரத்தான் செய்தது, ஆனால் மிகக் குறைவாக. வாசகருக்குச் செலவே இல்லாதபோது கிடைக்கிற வரை லாபம்.

இன்னொன்று ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தின் மூலத்தில் முகவரி துண்டு துண்டாகவோ குழப்பிய நிலையிலோ இருக்கும். பக்கம் திறந்ததும் ஒரு சின்ன நிரல் அதைச் சேர்த்து உண்மையான மெயில்-டூ இணைப்பாக்கிவிடும். தளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாப்பு தரும் நிறுவனமான கிளவுட்ஃபிளேர், தன் வழியாகப் போகும் தளங்களில் செய்வது இதைத்தான். அதன் உள்ளே எட்டிப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பதினாறடிமான (16-ஐ அடியாகக் கொண்ட) எண்களின் நீண்ட சரம் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் சாவி. அதற்குப் பின் ஒவ்வொரு இரண்டு இலக்கமும் முகவரியின் ஓர் எழுத்தைச் சாவியோடு எக்ஸார் (பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்தால் 0 என எழுதும் கணக்கு) செய்த விடை. @ குறியின் எண் பதினாறடிமானத்தில் 40. சாவி 21 என்று வைத்துக்கொண்டால், 40-ஐயும் 21-ஐயும் எக்ஸார் செய்தால் 61 வரும். பக்கத்தில் 61 என்று இருக்கும். பிரவுசரில் ஓடும் நிரல் 61-ஐ மறுபடி 21-உடன் எக்ஸார் செய்து 40-ஐ எடுத்துவிடும். சாவி அங்கேயே, சரத்தின் தலையிலேயே இருக்கிறது. பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவதைப் போலத்தான். ஆனாலும் இது வேலை செய்கிறது, ஏனென்றால் சாவியைத் திருப்பக்கூட நேரம் ஒதுக்காத நிரல்களைத்தான் இது தடுக்க நினைக்கிறது. முழு பிரவுசரையும் பின்னணியில் ஓட்டிப் பக்கத்தைப் படிக்கும் நிரல்களிடம் இது செல்லாது. அப்படி ஓட்டுவதற்கு ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரமும் கணினிச் செலவும் அதிகம், அது ஒன்றுதான் தடை. ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவர்களுக்காக எண் குறியீட்டில் எழுதிய முகவரியையும் மாற்றாகக் கொடுத்துவிடுங்கள்.

மறைக்கும் வேலையை வெளியாரிடம் ஒப்படைப்பதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. வந்திருப்பது மனிதர்தானா என்று புதிர் வைத்துப் பார்க்கும் கூகுள் ரீகாப்ச்சாவின் ஒரு பகுதியாக மெயில்ஹைடு என்று ஒரு சேவை இருந்தது. முகவரியின் நடுவில் மூன்று புள்ளி இருக்கும். சொடுக்கி, புதிரை விடுவித்தால் முழு முகவரி தெரியும். 2018 மார்ச் இறுதியில் ரீகாப்ச்சாவின் முதல் பதிப்போடு அதுவும் நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த பக்கங்களில் மூன்று புள்ளி மட்டும் மிஞ்சியது. பராமரிக்க ஆள் இல்லாத பழைய தளங்களில் இது எத்தனை பேரின் கடைசித் தொடர்பு வழியை அடைத்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஃபார்ம் விஷயத்துக்கு வருகிறேன். ஃபார்ம் இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. முகவரிக்குப் பதிலாக ஃபார்ம் மட்டும் இருப்பதில்தான் மறுப்பு. ஃபார்மில் எழுதி அனுப்பியவரிடம் தான் எழுதியதன் நகல் பெரும்பாலும் இருக்காது. பல ஃபார்ம்களில் கோப்பு இணைக்க முடியாது. 'நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்று வந்த பிறகு, பின்னால் அஞ்சல் அனுப்பும் நிரல் பழுதாகியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படிச் செத்துக் கிடக்கும் ஃபார்ம்கள் நிறைய. எழுதியவர் 'பதில்கூடப் போடவில்லை' என்று நினைப்பார். தளத்தின் சொந்தக்காரர் 'யாருமே எழுதுவதில்லை' என்று நினைப்பார்.

ஸ்பேமும் ஃபார்மை விட்டுவைப்பதில்லை. ஒழுங்காக எழுதாத ஃபார்மில், அனுப்புநர் கட்டத்துக்குள் ஒரு வரி முறிவையும் அதன் பின் மறைநகல் (பிசிசி) தலைப்பையும் செருகினால், உங்கள் சர்வரே ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பும் இயந்திரமாகிவிடும். முகவரியை மறைத்து ஸ்பேம் வாங்காமல் இருக்கப் போய், ஸ்பேம் அனுப்புபவராகித் தடைப்பட்டியலில் ஏறுவது எவ்வளவு கொடுமை. மனிதர் கண்ணில் படாத ஒரு பொறிக் கட்டத்தை வைத்து, அதை நிரப்புவது பாட்தான் என்று முடிவு செய்யும் முறை எனக்குப் பிடிக்கும், காப்ச்சாவைவிட நூறு மடங்கு மேல். ஆனால் அந்தக் கட்டத்துக்கு 'தொலைபேசி' மாதிரி பெயர் வைத்தால் பிரவுசரின் தானியங்கி நிரப்பல் அதை நிரப்பிவிடும். உண்மையான கடிதம் குப்பைக்குப் போகும். பிரவுசருக்கு அர்த்தமாகாத பெயராக வையுங்கள், தானியங்கி நிரப்பலை அணையுங்கள், ஸ்கிரீன் ரீடருக்கும் சேர்த்து மறையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். பொதுவில் போட்ட முகவரி என்றைக்காவது ஒருநாள் யாரோ ஒருவரின் பட்டியலில் ஏறிவிடும். உங்கள் பக்கத்தை எவ்வளவு காத்தாலும், காமன் கிரால் என்ற லாப நோக்கற்ற அமைப்பு கோடிக்கணக்கான பக்கங்களை நகலெடுத்து எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. பொறுக்குபவர் உங்கள் சர்வர் பக்கமே வரத் தேவையில்லை. இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பக்கங்கள் பழைய முகவரியோடு இருக்கும். தளத்தில் ஏற்றிய பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். நிரல் எழுதுபவராக இருந்தால், பொதுவில் வைத்த கிட் களஞ்சியத்தின் ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் முகவரி பதிந்திருக்கும். அதற்காகவே கிட்ஹப் பதில் போட முடியாத மாற்று முகவரி ஒன்றைத் தருகிறது. டொமைன் பதிவுக்குக் கொடுத்த முகவரியை 2018 வரை, டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் சேவையில் எவரும் பார்க்க முடிந்தது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகுதான் அது பொதுப் பார்வையிலிருந்து பெருமளவு மறைந்தது. நீங்கள் எழுதாமலே ஊகித்தும் அனுப்புவார்கள். 1997-ல் வந்த, இணையத்துக்கான விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2142 'இன்ஃபோ', 'அப்யூஸ்', 'வெப்மாஸ்டர்', 'போஸ்ட்மாஸ்டர்' போன்ற பெயர்களை இன்ன வேலைக்கு என்று வரையறுத்து வைத்திருக்கிறது. டொமைன் தெரிந்தால் இந்தப் பெயர்களை முன்னால் ஒட்டி அனுப்பிப் பார்ப்பது எளிது. இன்ஃபோ என்ற முகவரியைப் பக்கத்தில் மறைத்து வைப்பதில் அதனால்தான் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

ஆகவே கசிவு நடக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். வங்கிக் கணக்கு, அலுவலக நுழைவு, சமூக வலைத்தளக் கணக்குகளின் கடவுச்சொல் மீட்பு ஆகியவை தொங்கும் முகவரியைப் பொதுவில் எங்கும் எழுதாதீர்கள். தொடர்புப் பக்கத்துக்கென்று ஒரு மாற்றுப்பெயர் முகவரி உண்டாக்குங்கள். சொந்த டொமைன் இருந்தால் இது சில நிமிட வேலை. அந்த முகவரிக்கு வருவதெல்லாம் உங்கள் வழக்கமான பெட்டிக்கே வந்து சேரும். பெயரில் ஆண்டைச் சேர்த்து, 'கடிதம்2025' என்பது போல வைப்பது எனக்குப் பிடித்த பழக்கம். சொந்த டொமைன் இல்லாதவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின், ஆப்பிளின் ஹைடு மை ஈமெயில் போன்ற சேவைகள் இருக்கின்றன. மெயில்ஹைடுக்கு நேர்ந்ததை மறக்காமல் பயன்படுத்துங்கள். ஜிமெயிலில் பெயருக்குப் பின் + போட்டு எதையாவது சேர்க்கும் வழி, யார் மூலம் கசிந்தது என்று பார்க்க உதவும். தொடர்புப் பக்கத்துக்கு அது பத்தாது, ஏனென்றால் + குறியிலிருந்து @ வரை வெட்டினால் உங்கள் உண்மையான முகவரி கையில் வந்துவிடும்.

பக்கத்துக்கு ஒரு முகவரி என்று தனித்தனியாகக் கொடுத்தால், எது எங்கிருந்து போனது என்பதும் தெரிந்துவிடும். 2004-ல் தொடங்கிய புராஜெக்ட் ஹனி பாட் இதையே பெரிய அளவில் செய்தது. பக்கத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும், அவர்களுக்கென்றே அப்போது உண்டாக்கிய ஒரு முகவரியை மறைவாகக் காட்டும். எந்த ஐபி (வந்தவரின் இணைய இணைப்பு எண்), எந்த நேரம் என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்த முகவரிக்கு ஸ்பேம் வந்தால், பொறுக்கியது யார் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும். அதை நடத்தியவர்களில் மேத்யூ பிரின்ஸும் லீ ஹாலோவேயும் பின்னால் கிளவுட்ஃபிளேரைத் தொடங்கியவர்கள்.

நிறுவனங்களின் தளங்களில் ஸ்பேமைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதற்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. 'எங்கள் குழு' என்ற பக்கம். ஒவ்வொருவரின் படம், முழுப்பெயர், பதவி, நேரடி மின்னஞ்சல். கணக்குப் பிரிவில் பணம் அனுப்பும் அதிகாரம் யாருக்கு, அவருக்கு மேல் இருப்பவர் யார் என்பது மோசடிக்காரருக்கு அந்த ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும். மேலாளர் பெயரில் 'இந்த இன்வாய்ஸுக்கு இன்றே பணம் அனுப்பிவிடுங்கள்' என்று வரும் ஒரே ஒரு போலி அஞ்சல், ஆயிரம் விளம்பர ஸ்பேமைவிட அதிக நாசம் செய்யும். அதை எந்த ரெஜெக்ஸும் பொறுக்குவதில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துவிட்டு எழுதுகிறார். எண் குறியீடோ எக்ஸாரோ அவரிடம் செல்லாது. கணக்குப் பிரிவு, மனிதவளப் பிரிவு ஆட்களின் நேரடி முகவரியைப் பொதுவில் போடாமல் பிரிவுக்கு ஒரு பொது முகவரி கொடுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வதுண்டு.

சட்டம் இதில் எவ்வளவு உதவும்? கொஞ்சம். அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பேம் சட்டப்படி, முகவரிகளைப் பிறருக்குத் தரமாட்டோம் என்று அறிவிப்பு போட்ட தளத்திலிருந்து நிரல் வைத்துப் பொறுக்கிய முகவரிகளுக்கு ஸ்பேம் அனுப்பினால் அது குற்றத்தைக் கூட்டும். ஆஸ்திரேலியாவின் அதே ஆண்டுச் சட்டம் பொறுக்கும் மென்பொருளை விற்பதையே கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஜெர்மனி மாதிரி நாடுகளில் வணிகத் தளங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. பொறுக்கும் பாட்கள் 'இம்ப்ரெஸும்' பக்கத்தைத் தேடி வருவது அதனால்தான். அந்தத் தளங்களுக்கு முகவரியைப் போடாமல் விடுவது என்ற வழியே கிடையாது.

மீதி வேலையை ஃபில்டரிடம் விடலாம். 2002-ல் நிரலாளர் பால் கிரஹாம் சொற்களின் நிகழ்தகவை வைத்து ஸ்பேமைப் பிரிக்கலாம் என்று எழுதிய பிறகு ஃபில்டர்கள் வேகமாகத் தேறின. அப்புறம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று அனுப்புநரைச் சரிபார்க்கும் முறைகள் வந்தன. 2004 தொடக்கத்தில் பில் கேட்ஸ் இரண்டே ஆண்டில் ஸ்பேம் தீர்ந்துவிடும் என்றார். தீரவில்லை, ஆனால் பெட்டிக்குள் வந்து விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பொது முகவரிக்கு மட்டும் ஃபில்டரை மிகக் கடுமையாக வைக்காதீர்கள். முன்பின் தெரியாதவர், முதல் தடவை, ஏதோ ஓர் இணைப்போடு எழுதும் கடிதம் ஃபில்டரின் கண்ணுக்கு ஸ்பேம் மாதிரியே இருக்கும். அந்தக் கடிதத்துக்காகத்தான் முகவரியையே போட்டிருக்கிறீர்கள். ஸ்பேம் ஃபோல்டரை வாரம் ஒருமுறையாவது கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு கட்டத்தில் அந்த முகவரி தாங்காது என்று தோன்றும். அப்போது புதிய மாற்றுப்பெயரை உண்டாக்கித் தொடர்புப் பக்கத்தில் மாற்றிவிட்டு, பழையதைக் கொஞ்ச காலம் கூடவே ஓட விடுங்கள். பழைய கடிதத்துக்குப் பதில் எழுதுபவர்கள் மெதுவாகத்தான் மாறுவார்கள். மூடும்போது 'இந்த முகவரி மாறிவிட்டது' என்று தானியங்கிப் பதில் மட்டும் வைக்க வேண்டாம். ஸ்பேமின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. உங்கள் பதில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய்க் குவியும். அதற்குப் பதிலாக, அஞ்சலை வாங்கிக்கொள்ளாமலே வாசலில் மறுக்கும்படி சர்வரில் அமையுங்கள். சர்வர்கள் பேசிக்கொள்ளும்போதே 550 என்ற எண்ணோடு மறுத்தால், எழுதியவருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு அவருடைய சர்வருக்குப் போய்விடும். அந்த 550-க்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத இடம் உண்டு. புதிய மின்னஞ்சலை அதில் எழுதாமல் தொடர்புப் பக்கத்தின் இணைய முகவரியை (URL) எழுதுங்கள். ஸ்பேம் அனுப்பும் நிரல் அந்த வரியைப் பெரும்பாலும் படிப்பதே இல்லை. இரண்டு வருடம் கழித்து உங்களைத் தேடி எழுதுகிற மனிதருக்கு, திரும்பி வந்த அஞ்சலிலேயே அடுத்து எங்கே போக வேண்டும் என்பது இருக்கும்.